“தண்ணீர் நின்றதும் டேப் காற்றை இழுக்கிறது, டாக்டர்”

உதகையிலிருந்து 31 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார்; விட்டுவிட்டேன். கடிதத்தின் சாரம் இது.

பிறந்தது திருப்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். கல்யாணமாகி ஊட்டிக்கு வந்து 6 வருஷம். மேட்டில் உள்ள ஒரு பழைய வீட்டின் கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார்கள். மேலே வீட்டுக்காரர் குடும்பம். 4 வயதில் ஒரு பையன், 7 மாதத்தில் ஒரு பெண் குழந்தை. தாய்ப்பால் போதாமல் பவுடர் பாலும் கொடுக்கிறார். நான்கு நாளைக்கு ஒரு முறை நகராட்சித் தண்ணீர் வருகிறது. முதல் இரண்டு குடம் டிகாக்‌ஷன் நிறம், பிறகு தெளிந்துவிடும். வீட்டுக்குள் ஓடுவது பழைய ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு), சமையலறைக்கு மட்டும் சுமார் 12 வருஷத்துக்கு முன் பிவிசி மாற்றியிருக்கிறார்கள். பையனின் வெள்ளைச் சட்டையில் செம்பழுப்புக் கறை. வாஷ்பேசினில் டேப்புக்கு நேர் கீழே நீலப் பச்சையாக ஒரு கோடு. இந்த மழையில் பையனுக்கு இரண்டு முறை வயிற்றுப்போக்கு, ஹீமோகுளோபினும் குறைவு, 9.4தான்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாமியார், “ஊற்றுத் தண்ணி எடுத்து வரலாம்” என்கிறார். “துருன்னா இரும்புதானே, உடம்புக்கு நல்லதுதான்” என்று சொல்லிக்கொண்டிருந்த கணவர், இப்போது 16,000 ரூபாய்க்கு ஆர்.ஓ. மெஷின் வாங்கிவிடலாம் என்கிறார். விற்க வந்தவர் மீட்டரை வைத்து 74 என்று காட்டினாராம். அப்புறம் இரண்டு கம்பியை முக்கிக் கரண்ட் கொடுத்ததும் டம்ளர் தண்ணீர் சாக்கடை நிறமாகிவிட்டதாம். வீட்டுக்காரரோ, “முப்பது வருஷமா நாங்க இதைத்தான் குடிக்கிறோம்” என்று முடித்துவிட்டார். இவர் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, காய்ச்சி வைக்கிறார். அது போதுமா, மெஷின் வேண்டுமா, பைப்பை மாற்றச் சொல்லி வீட்டுக்காரரைக் கேட்க முடியுமா என்பவை கேள்விகள். கடைசிப் பக்கத்தின் மூலையில், போகிற போக்கில் இரண்டு வரி: “தண்ணீர் நின்ற பிறகு வாசல் டேப்பைத் திறந்தால் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கிறது. சந்தில் பைப் சாக்கடைக்குள்தான் போகிறது.” பிறகு ஒரு பின்குறிப்பு, அம்மா கொடுத்த ஈயச் சொம்பைப் பற்றி.

அன்புள்ள சகோதரி,

மூன்றரைப் பக்கம் துருவுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், காற்றை இழுக்கும் டேப்புக்கு இரண்டே வரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த இரண்டு வரியைப் படித்தபோதுதான். கண்ணுக்குத் தெரிகிற பழுப்பு நிறம் உங்களைப் பயமுறுத்துகிறது. குழந்தைகளைப் படுத்தக்கூடிய இரண்டு சமாசாரங்களுக்கும் நிறமே கிடையாது: ஒன்று கிருமி, இன்னொன்று காரீயம், அதாவது ‘லெட்’ (lead) என்கிற உலோகம். துருவைப் பேசி முடித்துவிட்டு அவற்றுக்கு வருகிறேன்.

மலைத் தண்ணீர் பைப்பைத் தின்னும்

நீங்கள் பிறந்த ஊரின் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், தெரியும்தானே? அதே சுண்ணாம்பு பைப்பின் உள்பக்கமும் பூச்சு போல ஒட்டிக்கொண்டு, உலோகத்தைத் தண்ணீர் தொடாமல் காக்கும். ஊட்டிக்கு வரும் மார்லிமந்து, பார்சன்ஸ் வேலி தண்ணீரில் அந்தச் சுண்ணாம்பு இல்லை. மழை சோலையிலும் புல்வெளியிலும் இறங்கி, வழியில் எந்தச் சுண்ணாம்புப் பாறையையும் தொடாமல் அணைக்கு வந்துவிடுகிறது. சோப்பு இங்கே எவ்வளவு நுரைக்கிறது, குளித்து எவ்வளவு ஊற்றினாலும் உடம்பில் வழவழப்பு போகாமல் இருக்கிறது என்று முதல் வருஷம் கவனித்திருப்பீர்கள். அந்த மென்மையான, லேசாகப் புளிப்புப் பக்கம் சாய்ந்த தண்ணீர்தான் பைப்பை அரிக்கும். முதலில் ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு போகும், அப்புறம் இரும்பு. நாம் பெருமையாகப் பேசும் ‘நல்ல தண்ணி’யின் மறுபக்கம் இது.

குன்னூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒருநாள் தண்ணீர் நூலாக வந்தது. பிளம்பர் முக்கால் இஞ்ச் பைப்பில் ஒரு சாண் அறுத்து என் கையில் கொடுத்தார். வெளியே பார்க்க நல்ல பைப். உள்ளே பாகற்காயின் முதுகு போல முண்டும் முடிச்சுமாகத் துரு. நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினேன். மேலே ஓடு, உள்ளே கறுப்பாகக் கூழ். நான்கு நாள் சும்மா நின்ற லைனில் தண்ணீர் திடீரென்று பாயும்போது அந்த ஓடுதான் உதிர்கிறது. உங்கள் ‘டிகாக்‌ஷன்’ அது.

அந்த இரும்பு விஷமா என்றால், இல்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் இரும்புக்கு உடல்நலம் சார்ந்த வரம்பே வைக்கவில்லை, லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போனால் துணியில் கறை பிடிக்கும் என்று மட்டும் சொல்கிறது. நல்லதா என்றால், அதுவும் இல்லை. துருவில் இருக்கும் இரும்பைக் குடல் அநேகமாக எடுத்துக்கொள்வதே இல்லை. அதில் ரத்தம் ஊறுவதாக இருந்தால் உங்கள் பையனுக்கு 9.4 இருக்காது என்று கணவரிடம் சொல்லுங்கள். துரு முடிச்சுகளின் உண்மையான கெடுதல் வேறு. நகராட்சி போடும் குளோரினை அவை குடித்துவிடும், கிருமிகளுக்கும் இடம் கொடுக்கும். டேப்புக்கு வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். துருப் பிடித்த நீண்ட லைனின் கடைசி வீட்டில் அது சந்தேகம்தான்.

காற்றை இழுக்கும் டேப்

வால்வை மூடியதும் லைனில் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தாழ்வான வீட்டுக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். தண்ணீர் கீழே இறங்க இறங்க, மேட்டில் இருக்கும் பைப் உறிஞ்சத் தொடங்கும். சமவெளியிலும் இது நடக்கும். நம் ஊர்ச் சரிவில் பல மடங்கு வலுவாக நடக்கும். டேப் திறந்திருந்தால் காற்றை இழுக்கும், உங்களுக்குக் கேட்டது அந்தச் சத்தம். டேப் மூடியிருந்தால்? விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே எது இருக்கிறதோ அதை இழுக்கும். உங்கள் சந்தில் விரிசலைச் சுற்றி இருப்பது சாக்கடை. அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதலில் உங்கள் குடத்துக்கு வருவது அதுதான். பழுப்பாக இருப்பதால் துரு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

டைபாய்டு, மஞ்சள் காமாலை, பையனின் வயிற்றுப்போக்கு, எல்லாம் இந்த வழியில் வரக்கூடியவை. காமாலைக் கிருமி உள்ளே போய் 2 முதல் 6 வாரம் கழித்துத்தான் காய்ச்சலாக வெளிவரும். அதனால்தான் எல்லோரும் முந்தாநாள் சாப்பிட்ட பஜ்ஜியைத் திட்டுகிறார்கள். போன மாதம் குடித்த தண்ணீர் ஞாபகத்துக்கு வருவதில்லை.

இன்றைக்கே செய்யக்கூடியவை சில. தண்ணீர் வந்ததும் முதல் பத்து நிமிஷத்தைக் கக்கூசுக்கும் செடிக்கும் விடுங்கள், டேங்குக்கு விடாதீர்கள். டியூபை வாளிக்குள் முக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். தண்ணீர் நின்றால் அந்த வாளி அழுக்கும் லைனுக்குள் போய்விடும்.  தெருவில் யாராவது லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் அது இந்த நோயை அதிகமாக்கும், சட்டப்படியும் தப்பு.

காய்ச்சுவதை விடவே வேண்டாம், ஆனால் ஒரு திருத்தம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 2,000 மீட்டருக்கு மேலே தளதளவென்று கொதி வந்த பிறகு 3 நிமிஷம் விட வேண்டும் என்பது விதி. ஆவி வந்ததும் இறக்கிவிடுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு, கேஸ் விலை அப்படி. துணியில் வடிகட்டினால் துரு நிற்கும், கிருமி நிற்காது.

காய்ச்சினால் போகாதது

காரீயம் காய்ச்சினால் போகாது. தண்ணீர் வற்றுவதால் அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. இந்தியத் தரப்படி லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் காரீயத்தில் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகள் 4, 5 மடங்கு உறிஞ்சிக்கொள்வார்கள். இரும்புச் சத்து குறைந்த குழந்தை இன்னும் அதிகம். பாதிப்பது மூளை வளர்ச்சியை. அதற்குக் காய்ச்சலோ வாந்தியோ வந்து காட்டிக்கொடுக்காது. வீட்டுக்காரரின் ‘முப்பது வருஷம்’ இதில் செல்லாத காசு. பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாதது போலத்தான் இருக்கும்.

உங்கள் வீட்டில் காரீயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கக்கூடிய இடங்கள் உண்டு: பழைய ஜி.ஐ. பூச்சில் கலந்திருப்பது, பித்தளை டேப், அந்தக் காலத்தில் மரையில் சணல் சுற்றி மேலே தடவிய வெள்ளைக் காரீயப் பசை. “கிச்சன்ல பிவிசிதானே” என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். பிவிசி பைப் வெயிலிலும் சூட்டிலும் கெடாமல் இருக்கக் காரீய உப்பைச் சேர்ப்பது நம் நாட்டில் வெகுநாள் வழக்கம். அதைத் தடுக்கும் மத்திய அரசின் விதிகள் வந்ததே 2021இல். உங்கள் பைப் அதற்கு முந்தையது. வாஷ்பேசினில் உள்ள நீலப் பச்சைக் கோடு செம்பு. அந்த அளவுக்குப் பயமில்லை, ஆனால் உங்கள் தண்ணீர் உலோகத்தைக் கரைக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். குளிர் நாளில், காலையில் சீக்கிரம் ஆகட்டும் என்று கீசர் தண்ணீரைப் பிடித்துப் பால் கலக்கிறீர்களா? ஊட்டியில் முக்கால்வாசி வீடுகளில் நடக்கிறது, என் வீட்டிலும் நடந்தது. வெந்நீர் உலோகத்தை அதிகமாகக் கரைக்கும். குடிக்க, சமைக்க, பால் கலக்கப் பச்சைத் தண்ணீரைப் பிடித்து அடுப்பில்தான் வைக்க வேண்டும். அதுவும் ராத்திரி முழுக்கப் பைப்பில் நின்ற தண்ணீர் வேண்டாம். டேங்கிலிருந்து சமையலறைக்கு 50 அடி அரை இஞ்ச் பைப் என்று வைத்தால் அதில் நிற்பது 3 லிட்டர்தான். காலையில் ஒரு சின்ன வாளி பிடித்துப் பாத்திரம் கழுவ வைத்துவிட்டு, அடுத்ததைக் குடிக்க எடுங்கள். காசில்லாத வைத்தியம் இது.

எந்தப் பைப் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

தண்ணீர் வரும் நாளில் பத்து நிமிஷம் கழித்து வாசல் டேப்பிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர். மறுநாள் விடிகாலை, யாரும் டேப்பைத் தொடும் முன் சமையலறையிலிருந்து ஒன்று, பாத்ரூமிலிருந்து ஒன்று. வெள்ளைக் காகிதத்தின் மேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். வாசல் தண்ணீரே பழுப்பு என்றால் தெரு லைன். வாசல் தெளிவாக இருந்து உள்ளே மட்டும் பழுப்பு என்றால் வீட்டு பைப், அல்லது டேங்கின் அடியில் வண்டல். யாரிடம் போய் நிற்பது என்பது இதில் தெரிந்துவிடும்.

கிருமிக்கும் காரீயத்துக்கும் ஆய்வகம்தான். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் பொதுமக்களுக்கும் பார்த்துக் கொடுப்பார்கள். காரீயம் பார்ப்பார்களா என்று தனியாகக் கேளுங்கள். இல்லையென்றால் கோவையில் என்.ஏ.பி.எல். என்ற தேசிய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள் உண்டு. கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் சுத்திகரித்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது, ஐஸ் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். காரீயத்துக்கு இரண்டு பாட்டில்: 6 மணி நேரமாவது டேப்பைத் திறக்காமல் வைத்து முதலில் வரும் ஒரு லிட்டர் ஒன்று; 5 நிமிஷம் ஓடவிட்டுப் பிடித்தது இன்னொன்று. முதலாவதில் கூடுதல், இரண்டாவதில் இல்லை என்றால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறான்.

மெஷின் விற்க வந்தவரின் வித்தை

அவர் தண்ணீருக்குள் விட்ட இரண்டு கம்பியில் ஒன்று இரும்பு. கரண்ட் பட்டதும் கரைந்து துருவாவது அந்தக் கம்பிதான். சாக்கடை நிறம் தண்ணீரிலிருந்து வரவில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லாததால் கரண்ட் சரியாகப் பாயாது, நிறமும் மாறாது. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்து காட்டச் சொல்லியிருந்தால் மனிதர் கிளம்பியிருப்பார். மீட்டர் காட்டிய 74 மொத்த உப்பின் அளவு. அது நல்ல எண். 500 வரை தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் அந்த எண் கிருமியைப் பற்றியும் காரீயத்தைப் பற்றியும் ஒன்றுமே சொல்லாது. 500க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது, பாதிக்கு மேல் தண்ணீரை அது வெளியே தள்ளுகிறது என்பதால். நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும் வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனாலும் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும்: ஆர்.ஓ. காரீயத்தை நீக்கும். யு.வி. (புற ஊதாக் கதிர்) மட்டும் உள்ள மெஷினும் சாதாரண கேண்டில் ஃபில்டரும் நீக்காது. எனவே ரிப்போர்ட் வரும்வரை பணத்தை எடுக்காதீர்கள். காரீயம் இல்லையென்றால் காய்ச்சுவதே போதும். இருந்தால், பைப் மாற்றும் வரைக்கும் காரீயம் நீக்கும் என்று சான்று பெற்ற கார்பன் ஃபில்டர் போதுமா, ஆர்.ஓ. வேண்டுமா என்று அப்போது பார்க்கலாம். ரிப்போர்ட் வரும்வரை பாப்பாவின் பவுடர் பாலுக்கு மட்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 20 லிட்டர் கேன் வாங்குங்கள். அதையும் காய்ச்சுங்கள். தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

அத்தையின் ஊற்றுத் தண்ணீர்? அவர் சின்ன வயதில் குடித்த ஊற்றுக்கு மேலே சோலை இருந்திருக்கும். இன்று அதற்கு மேலே கேரட் தோட்டமும் நாலு வீட்டுக் கக்கூஸ் குழியும் இருக்கும். அவர் மனம் கோணாமல், அதிலும் ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்காரரிடமும் நகராட்சியிடமும்

நான் வக்கீல் இல்லை, தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தேவைப்படும்போது பைப் மாற்றுவது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. டேப்பும் வாஷரும் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் சட்டத்தை முதலில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். டம்ளர்களையும் ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். அதே டேங்க், அதே பைப், அவர் பேரப்பிள்ளைகளும் லீவுக்கு வந்து குடிக்கிற தண்ணீர். மாற்றினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சிபிவிசி அல்லது எச்டிபிஇ பைப் போட்டு, டேங்கிலிருந்து டேப் வரை முழுசாக மாற்றச் சொல்லுங்கள். பாதியை மாற்றினால் மீதியில் இருக்கும் துரு கலைந்து கொஞ்ச நாள் இன்னும் மோசமாக வரும். முழுச் செலவும் முடியாது என்றால், சமையலறை லைன் மட்டுமாவது முதலில்.

சாக்கடைக்குள் போகும் பைப்புக்கு நகராட்சியிடம்தான் போக வேண்டும். பைப் சாக்கடையைக் கடக்கும் இடத்தை போட்டோ எடுத்து, தண்ணீர் நின்றதும் டேப் காற்றை இழுப்பதையும் எழுதி, தெருவில் பத்துப் பேர் கையெழுத்தோடு கொடுங்கள், ரசீது வாங்குங்கள். முதல்வரின் உதவி எண் 1100இலும் பதியலாம். உங்கள் வார்டில் குளோரின் அளவு எந்தெந்தத் தேதியில் பார்க்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால், பல சமயம் பதிலுக்கு முன்னால் ஆளே வந்துவிடுகிறார். மாசில்லாத நீர் வாழ்வுரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1991லேயே சொன்னதையும் மனுவில் ஒரு வரி சேர்க்கலாம். ஆனால் அந்த வரியைவிட போட்டோ வேகமாக வேலை செய்யும்.

பையனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டி இரும்புச் சொட்டு மருந்தையும் பூச்சி மாத்திரையையும் அவர் சொல்படி தொடங்குங்கள். தண்ணீரில் காரீயம் என்று ரிப்போர்ட் வந்தால் இரண்டு குழந்தைகளுக்கும் ரத்தத்தில் காரீய அளவு பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டால் காரணத்தைத் தேடி நிறுத்தியாக வேண்டும். பழைய வீடு என்பதால் ஜன்னல் சட்டத்தில் உரியும் பெயின்ட்டையும் பாருங்கள். வீட்டு பெயின்ட்டில் காரீயத்துக்குக் கடுமையான வரம்பு 2017 நவம்பரில்தான் வந்தது. பாப்பா இப்போது தவழத் தொடங்கியிருப்பாள், உதிர்ந்ததெல்லாம் வாய்க்குப் போகும். ஈரத் துணியால் துடையுங்கள், பெருக்காதீர்கள்.

பின்குறிப்புக்கு வருகிறேன். தமிழில் ஈயம் இரண்டு. ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம், அது விஷமில்லை. இவ்வளவு நேரம் நான் பேசியது காரீயம், அது வேறு உலோகம். தொல்லை என்னவென்றால், விலை குறைய வேண்டும் என்று வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலப்பவர்கள் உண்டு, புளியும் தக்காளியும் அதை நன்றாகக் கரைக்கும். உங்கள் அம்மா அதை எங்கே, எப்போது வாங்கினார் என்று கேளுங்கள். தண்ணீர் கொடுக்கப் போகும்போது, சொம்பில் புளித்தண்ணீரை ஊற்றி ஒரு ராத்திரி வைத்து, அதையும் ஒரு பாட்டிலில் பிடித்து, காரீயம் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். ரிப்போர்ட் வரும்வரை ரசம் எவர்சில்வரில் கொதிக்கட்டும்.